இரும்புப் பாதை – 17: காகிதச் சுருளில் ஒரு மயிரிழை

1938 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள பார்க்ஸ்டன் என்ற சிறிய ரயில் சந்திப்பு. முக்கோணமாகப் போட்டிருந்த பாதையில் முன்னும் பின்னும் போய், முகத்தைத் தெற்கே திருப்பிக்கொண்டு நின்றது நீல நிற எஞ்சின் ஒன்று. பின்னால் ஏழு வண்டிகள். உள்ளே இருந்தவர்களில் பலர் வெஸ்டிங்ஹவுஸ் பிரேக் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். வேகமாகப் போகும் ரயிலை எவ்வளவு தூரத்தில் நிறுத்த முடியும் என்று பார்ப்பதற்காக வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதையில் நெரிசல் குறைவு. பிரேக் சோதனைக்குத் தோதான நாள்.

பார்க்ஸ்டனில்தான் அவர்களுக்கு உண்மை சொல்லப்பட்டது. பிரேக் என்பது பாதிக் கதைதான். இனி லண்டன் திரும்பும் வழியில் நடக்கப்போவது வேகச் சாதனைக்கான முயற்சி. விருப்பமில்லாதவர்கள் இறங்கிக்கொள்ளலாம், பீட்டர்பரோவரை டாக்ஸியில் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை.

டாக்ஸியை மறுத்த அந்தப் பிரேக்காரர்கள் அடுத்த அரை மணி நேரத்தில் பார்த்ததுதான், நீராவி எஞ்சின் ஒன்று மனிதர்களை இழுத்துக்கொண்டு போன உச்ச வேகம் என்று இன்றுவரை ஏற்கப்படுகிறது. எவ்வளவு வேகம் என்பதில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அதற்குப் பிறகு வரலாம்.

சென்ற பகுதி 1933-இன் பெர்லினில் முடிந்தது. 'பறக்கும் ஹாம்பர்கர்' என்ற டீசல் வண்டி, பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையிலான 286 கிலோமீட்டரை 138 நிமிடத்தில் கடந்து ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. அப்படித் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் எல்.என்.இ.ஆர். எனப்பட்ட லண்டன் – வடகிழக்கு ரயில்வேயின் தலைமை மெக்கானிக்கல் பொறியாளர் நைஜல் கிரெஸ்லி. லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு இதே போன்ற வண்டி விட்டால் எவ்வளவு நேரமாகும் என்று ஜெர்மானியர்களிடம் அவருடைய ரயில்வே கேட்டது. கணக்குப் போட்டுப் பார்த்து, நாலேகால் மணி நேரம் என்று பதில் வந்தது.

268 மைலுக்கு நாலேகால் மணி நேரம். அதை என் பழைய நீராவி எஞ்சினே செய்துவிடுமே என்று கிரெஸ்லிக்குத் தோன்றியது. தோன்றியதோடு விடவில்லை. 1934 நவம்பர் 30 அன்று, 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்' எஞ்சின் லீட்ஸிலிருந்து திரும்பும் வழியில் மணிக்கு 100 மைலைத் தொட்டது. அளவுக் கருவிகளின் சாட்சியோடு ஒரு நீராவி எஞ்சின் மூன்று இலக்க வேகத்தைக் கண்டது அதுவே முதல்முறை. 1935 மார்ச்சில் 'பப்பைரஸ்' என்ற இன்னொரு எஞ்சின் லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து, அன்றே திரும்பும்போது 108 மைல் வேகமும் காட்டியது. டீசலுக்கான பேச்சு அதோடு அடங்கியது.

இந்த இரண்டு சாதனைகளும் ஒரே இடத்தில் நடந்தவை. கிராந்தம் ஊருக்குத் தெற்கே ஸ்டோக் என்ற மேடு. அந்த மேட்டின் உச்சியைத் தாண்டிவிட்டால் பீட்டர்பரோவை நோக்கிப் பெரும்பாலும் சரிவுதான், கிட்டத்தட்ட 15 மைலுக்கு. ஏறத்தாழ இருநூறு அடிக்கு ஓரடி என்ற இறக்கம். கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஆனால் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரயிலுக்கு நன்றாகவே தெரியும். கிரெஸ்லியின் ஆட்கள் வேகம் வேண்டும் என்றால் இங்கேதான் வருவார்கள்.

அதே 1935-இல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரியணை ஏறிய வெள்ளி விழா ஆண்டில், 'சில்வர் ஜூபிலி' என்ற விரைவு ரயில் அறிமுகமானது. அதை இழுக்கக் கிரெஸ்லி உருவாக்கிய புதிய வகைதான் ஏ4. பிரான்சில் எட்டோரே புகாட்டி வடிவமைத்த ஆப்பு மூக்கு ரயில் பெட்டி அவர் மனத்தில் பதிந்திருந்தது. மாதிரிகளை டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். காற்றைக் கிழிக்கும் உருவம் சரியாக வந்தது, புகைதான் சரிப்படவில்லை. வேகமாகப் போகும்போது புகை மேலெழாமல் கொதிகலனோடு ஒட்டிக்கொண்டு வந்து டிரைவரின் கண்ணை மறைத்தது. களிமண் போன்ற பொருளில் செய்த மாதிரியை யாரோ எடுக்கும்போது புகைபோக்கிக்குப் பின்னால் கட்டைவிரல் தற்செயலாக அழுந்தி ஒரு பள்ளம் விழுந்ததாம். அடுத்த சோதனையில் புகை அழகாக மேலே தூக்கிக்கொண்டு போனதாம். பட்டறைக் கதைகளுக்கு உரிய மெருகு இதற்கும் ஏறியிருக்கலாம். ஆனால் ஏ4 எஞ்சின்களின் புகைபோக்கிக்குப் பின்னால் அந்தப் பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது.

முதல் ஏ4-ஆன 'சில்வர் லிங்க்' 1935 செப்டம்பர் 27 அன்று, பத்திரிகையாளர்களை ஏற்றிக்கொண்டு போன வெள்ளோட்டத்திலேயே 112½ மைலை இரண்டு முறை தொட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 'சில்வர் ஃபாக்ஸ்' 113. அதுவும் கட்டணம் கொடுத்துப் பயணிகள் உட்கார்ந்திருந்த வண்டியில். அந்த ஓட்டத்தில் எஞ்சினின் நடு சிலிண்டரைச் சேர்ந்த பேரிங் ஒன்று பழுதானது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும், மறுபடி வரப்போகிறது.

லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ரயில் விட்ட இன்னொரு கம்பெனி எல்.எம்.எஸ். கிழக்குக் கரை எல்.என்.இ.ஆருக்கு, மேற்குக் கரை இவர்களுக்கு. 113 என்ற எண் அவர்கள் தூக்கத்தைக் கெடுத்தது. 1937 ஜூன் 29 அன்று, வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்த 'கொரொனேஷன்' எஞ்சினை லண்டன் யூஸ்டனிலிருந்து க்ரூவுக்கு ஓட்டினார்கள். உச்ச வேகம் எட்டிய இடம் க்ரூவுக்கு இரண்டே மைல் முன்னால்! மணிக்கு 20 மைல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட குறுக்குப் பாதைகளில் ரயில் 57 மைல் வேகத்தில் நுழைந்தது. சமையல் பெட்டியில் அடுக்கியிருந்த பீங்கான் தட்டுகள் தரையில் விழுந்து நொறுங்கின. பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். ரயில் தடம் புரளாதது எஞ்சினைக் கட்டியவர்களின் புண்ணியம். பிறகு 114 மைல் என்று அறிவித்தார்கள். ஒரே ஒரு மைல் அதிகம். ஓட்டத்தை அளந்தவர்களில் சிலர் அந்த ஒரு மைலைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த இரண்டு ஆங்கிலேயக் கம்பெனிகளும் ஒரு மைலுக்கும் அரை மைலுக்கும் அடித்துக்கொண்டிருந்தபோது, உண்மையான சாதனை வேறு நாட்டில் இருந்தது. 1936 மே 11 அன்று, பெர்லின் – ஹாம்பர்க் பாதையில், போர்சிக் ஆலையில் கட்டிய '05 002' என்ற சிவப்பு எஞ்சின் மணிக்கு 200.4 கிலோமீட்டர் ஓடிக் காட்டியிருந்தது. மைலில் சொன்னால் 124½. அதன் இயங்கு சக்கரங்கள் ஒவ்வொன்றும் 2.3 மீட்டர் விட்டம் கொண்டவை. ஆள் உயரத்தைவிட அதிகம். ஓடிய இடம் சமதளம். ஹிட்லரின் ஜெர்மனி இதை எப்படிக் கொண்டாடியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கிரெஸ்லிக்கு வாத்துகள் என்றால் உயிர். லண்டனுக்கு வடக்கே லண்டன் கோல்னி அருகில் சாலிஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையில் குடியிருந்தார். வீட்டைச் சுற்றி அகழி. அகழி நிறைய வாத்துகள். (இதே மாளிகையில்தான் அவர் போன பிறகு டி ஹாவிலண்ட் கம்பெனியார் 'மொஸ்கிட்டோ' போர் விமானத்தை வடிவமைத்தார்கள். வேகத்துக்கும் அந்த வீட்டுக்கும் ஏதோ ராசி.) ஏ4 எஞ்சின்கள் பலவற்றுக்குப் பறவைகளின் பெயர் வைத்தார். பேரரசின் நாடுகளுக்கும் இடம் கிடைத்தது. 'எம்பயர் ஆஃப் இந்தியா' என்று ஓர் எஞ்சின்கூட ஓடியது. 1938 மார்ச்சில் டோன்காஸ்டர் பட்டறையிலிருந்து வெளிவந்த 4468 எண் எஞ்சினுக்கு ஆண் பறவையின் தலை பச்சையாக மின்னும் காட்டு வாத்தின் பெயர்: 'மல்லார்ட்'.

மற்ற ஏ4-களிலிருந்து மல்லார்ட் வேறுபட்டது அதன் புகைபோக்கியில். நீராவி எஞ்சினில் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாகத்தான் வெளியேற வேண்டும். போகிற போக்கில் அது அடுப்பிலிருந்து புகையையும் இழுத்துக்கொண்டு போகும்; அந்த இழுப்பில்தான் அடுப்புக்குக் காற்று கிடைக்கிறது, தீ கொழுந்துவிடுகிறது. வெளியேறும் வழி குறுகலாக இருந்தால் இழுப்பு பலமாக இருக்கும், ஆனால் பிஸ்டனுக்கு முதுகில் பாரம். அகலமாக விட்டால் பாரம் குறையும், தீ சோரும். இந்த இழுபறிக்கு ஃபின்லாந்துப் பொறியாளர் க்யோஸ்டி கைலாலாவும் பிரெஞ்சு மேதை ஆந்த்ரே ஷாப்லோனும் கண்ட தீர்வுக்கு இருவர் பெயரையும் சேர்த்து 'கைல்சாப்' என்று பெயர். நீராவியைப் பல கூறாகப் பிரித்து, அடுக்கடுக்கான குழல்கள் வழியாக அனுப்பும் ஏற்பாடு. அதையே இரட்டையாக, இரண்டு புகைபோக்கிகளோடு பொருத்திய முதல் ஏ4 மல்லார்ட்.

வேகம் கூடக்கூட இதன் அருமை தெரியும். மல்லார்டின் இயங்கு சக்கரம் 6 அடி 8 அங்குலம் விட்டம். 125 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். மூன்று சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நீராவி வெளியேற்றம். ஆக, கண் இமைக்கும் நேரம் என்று நாம் சொல்லும் ஒரு நொடிக்குள் ஐம்பது தடவைக்கு மேல் நீராவி அந்தப் புகைபோக்கியை முட்ட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது கேட்கும் 'குப்... குப்...' ஓசையெல்லாம் அந்த வேகத்தில் கிடையாது, ஒரே ரீங்காரம்தான்.

டிரைவர் ஜோ டடிங்டன். வயது 61. டோன்காஸ்டர் ஷெட்டைச் சேர்ந்தவர். எஞ்சினைத் தயங்காமல் விரட்டக்கூடியவர் என்று பெயர். கரி அள்ளிப்போட ஃபயர்மேன் டாமி பிரே. கூடவே ஆய்வாளர் ஜென்கின்ஸ். ஓட்டம் தொடங்கியதும் டடிங்டன் தன் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார் என்பார்கள், மோட்டார் பந்தயக்காரர்கள் போல. எஞ்சினுக்கு அடுத்து, 1906-இல் வடகிழக்கு ரயில்வே கட்டிய டைனமோமீட்டர் வண்டி. வேகத்தையும் இழுவிசையையும் பதிவுசெய்யும் ஓடும் ஆய்வுக்கூடம் அது. அதற்கும் பின்னால் ஆறு பயணிகள் பெட்டிகள். எஞ்சின் நீங்கலாக மொத்தம் 240 டன்.

பார்க்ஸ்டனிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஒரு முட்டுக்கட்டை. கிராந்தத்தில் பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. நல்ல வேகத்தில் அந்த ஊரைக் கடந்து, அந்த வேகத்தை ஸ்டோக் மேட்டின் ஏற்றத்துக்கு மூலதனமாக வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆனால் 24 மைலுக்கு இறங்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து ஏற்றத்தில் மறுபடி முடுக்கி, மேட்டின் உச்சியைத் தொட்டபோது வேகம் கிட்டத்தட்ட 75. ஏறும்போதே அந்த வேகம் என்றால் கொதிகலன் எப்படிப் பொங்கியிருக்கும், பிரேயின் முதுகு எப்படி வலித்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உச்சியைத் தாண்டியதும் ரெகுலேட்டர் முழுக்கத் திறந்தது. அடுத்தடுத்த மைல்களின் முடிவில் பதிவான வேகம் இது: 87½, 96½, 104, 107, 111½, 116, 119. அதன் பிறகு அரை மைலுக்கு அரை மைல் கணக்கு: 120¾, 122½, 123, 124¼, பிறகு 125. உச்சியிலிருந்து இந்த இடம்வரை ஏறத்தாழ பத்து மைல். ஆறு நிமிடத்துக்குள் முடிந்துபோனது. லிட்டில் பைத்தம் ஸ்டேஷனைக் கடந்தபோது எஞ்சினிலிருந்து தெறித்த கங்குகள் பட்டு ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன என்று அந்த ஊர்க்காரர்கள் கதை சொல்வார்கள். 90-ஆவது மைல்கல்லுக்கு அருகில் உச்சம். எசென்டைன் சந்திப்பு நெருங்கிவிட்டது. அங்கே இந்த வேகத்தில் போக முடியாது. டடிங்டன் நீராவியை மூடினார்.

மூடிய கையோடு ஒரு வாசனை வந்தது. சோம்பு வாசனை.

கிரெஸ்லியின் எஞ்சின்களில் மூன்றாவது சிலிண்டர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, சட்டத்துக்குள் மறைந்திருக்கும். அதன் கனெக்டிங் ராட் அச்சைப் பிடித்துக்கொள்ளும் கனத்த முனையைப் பட்டறையில் 'பிக் எண்ட்' என்பார்கள். அது சூடேறினால் ஓட்டுபவருக்கு வெளியிலிருந்து தெரியாது. அதனால் சோம்பைப் போல மணக்கும் எண்ணெயை ஒரு குப்பியில் அடைத்து அந்தப் பேரிங்கில் வைத்திருந்தார்கள். சூடு எல்லை மீறினால் குப்பி உடையும். வாசனை டிரைவரின் மூக்குக்கு வரும். சமையல்கட்டு உத்தி போலத் தோன்றினாலும் வேலை செய்தது. பேரிங்கின் உள்மெத்தையாக இருந்த வெள்ளீயக் கலவை உருகி ஓடியிருந்தது. மல்லார்ட் மெல்ல நகர்ந்து பீட்டர்பரோவில் போய் நின்றது. உலக சாதனை படைத்த ரயிலை லண்டன் கிங்ஸ் கிராஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது முந்திய தலைமுறையைச் சேர்ந்த, ஓய்வுக்குக் காத்திருந்த 'அட்லாண்டிக்' வகை எஞ்சின் ஒன்று. காத்திருந்த பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு என்ன ஏமாற்றமாக இருந்திருக்கும்!

இந்தப் பழுது தற்செயல் அல்ல. 'சில்வர் ஃபாக்ஸ்' விஷயத்தில் நடந்ததும் இதே. வெளிப்பக்கச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் நீராவியைத் திறந்து மூடும் வால்வுகளை இயக்கத் தனித்தனி இணைப்புகள் இருந்தன. நடு சிலிண்டருக்கு இல்லை. வெளிப்பக்க இரண்டின் அசைவையும் நெம்புகோல்களால் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் நடு வால்வை இயக்கினார் கிரெஸ்லி. பட்டறையில் செலவு மிச்சம், உள்ளே இடம் மிச்சம். ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தேய்மானம், கொஞ்சம் தளர்வு. அத்தனையும் நடு வால்வில் வந்து சேரும். வேகம் கூடும்போது அந்த வால்வு தேவைக்கு மேல் ஓடும். நடு சிலிண்டர் தன் பங்குக்கு மேல் உழைக்கும். அதன் பிக் எண்ட் தாங்காது. போர்க்காலத்தில் பராமரிப்பு சீர்கெட்டபோது இந்தக் குறை பூதாகரமானது. கிரெஸ்லிக்குப் பின் வந்த எட்வர்டு தாம்சன் 1942-இல் இதைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கேட்டுக்கொண்டது யாரிடம் தெரியுமா? போட்டிக் கம்பெனியின் ஸ்டேனியரிடம். பாராட்டுப் பத்திரம் வரவில்லை. 1950-களில் ஸ்விண்டன் பட்டறையிலிருந்து டோன்காஸ்டருக்கு வந்த கே.ஜே. குக், எஞ்சின் சட்டங்களை ஒளியியல் கருவிகளால் நேர்பார்த்து, பிக் எண்டையும் மாற்றியமைத்த பிறகுதான் தலைவலி தீர்ந்தது. அதே பத்தாண்டின் கடைசியில் எஞ்சியிருந்த எல்லா ஏ4-களுக்கும் மல்லார்டைப் போலவே இரட்டைக் கைல்சாப் பொருத்தப்பட்டது. கிரெஸ்லியின் யோசனைகளில் ஒன்று தோற்று, ஒன்று ஜெயித்தது. இரண்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையின் ஆறு நிமிடத்துக்குள்ளேயே தெரிந்துபோயிருந்தன.

இனி அந்தச் சின்னச் சிக்கல்.

டைனமோமீட்டர் வண்டியில் ஒரு காகிதச் சுருள். தண்டவாளத்தில் உருளும் அளவுச் சக்கரம் அந்தக் காகிதத்தை நகர்த்தும்: ரயில் ஒரு மைல் போனால் காகிதம் 24 அங்குலம். கடிகாரத்தோடு இணைத்த பேனா ஒவ்வொரு அரை நொடிக்கும் அதில் ஒரு குறி போடும். ரயில் வேகமாகப் போனால் குறிகளுக்கு நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளியை அளந்து வேகத்தைக் கணக்கிட வேண்டும். வண்டியில் இருந்தவர்கள் ஐந்து நொடிக்கு ஒருமுறை என்று எடுத்து அளந்தபோது உச்சம் 125 என்று வந்தது. ஒரே ஒரு நொடியில் மட்டும் 126.

ஒரு மைல் வித்தியாசத்தைக் காகிதத்தில் பார்த்தால் எப்படி இருக்கும்? 125 மைல் வேகத்தில் ஒரு நொடிக்குக் காகிதம் நகர்வது 21.17 மில்லிமீட்டர்; 126-இல் 21.34. வித்தியாசம் 0.17 மில்லிமீட்டர். அரை நொடிக் குறிகளுக்கு இடையே பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தலைமுடியின் தடிமன் அவ்வளவுதான். மயிரிழை என்ற சொல்லை இங்கே உவமையாகச் சொல்ல வேண்டியதில்லை, அளவாகவே சொல்லலாம். வேகம் மாறிக்கொண்டே ஓடிய காகிதம், அதிரும் வண்டி, மையின் தடிமன், இவற்றுக்கு நடுவே ஒரு மயிரிழையை நம்பலாமா? கிரெஸ்லி நம்பவில்லை. அவர் வாழ்ந்தவரை அறிவிக்கப்பட்ட எண் 125. அந்த எண்ணே ஜெர்மனியின் 124½-ஐ அரை மைலால் முந்திவிட்டது என்பது வேறு விஷயம்.

1941 ஏப்ரல் 5 அன்று கிரெஸ்லி இறந்தார். 1939 செப்டம்பரில் இன்னொரு முயற்சிக்குத் திட்டமிட்டிருந்தார். அந்த மாதம் உலகப் போர் தொடங்கிவிட்டது. 1948-இல் மல்லார்டின் பக்கவாட்டில் நினைவுத் தகடுகள் பொருத்தினார்கள். தகட்டில் பொறித்த எண் 126. படைத்தவர் ஏற்க மறுத்த எண்ணை அவருடைய எஞ்சின் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. பாடப்புத்தகங்கள், தபால் தலைச் சேகரிப்பாளர்கள், வினாடி வினா நடத்துபவர்கள் எல்லோருக்கும் அதுவே விடை.

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா ரயில்ரோடின் 7002 எஞ்சின் 1905-இலேயே 127 மைல் ஓடியதாக உரிமை கொண்டாடுவார்கள். இரண்டு சிக்னல் கோபுரங்களில் இருந்தவர்கள் குறித்த நேரத்தைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை, அதை ஒதுக்கிவிடலாம். ஜெர்மானியரின் வாதம் அப்படியல்ல. மல்லார்ட் ஓடியது சரிவில், 05 002 ஓடியது சமதளத்தில். மல்லார்ட் முடித்ததும் படுத்துவிட்டது. 05 002 எந்தப் பழுதும் இல்லாமல் வேலைக்குத் திரும்பியது. எது சிறந்த எஞ்சின் என்று கேட்டால் ஜெர்மன் எஞ்சின் என்று சொல்லத்தான் கை நீள்கிறது. எது அதிக வேகம் ஓடியது என்று கேட்டால் மல்லார்ட். கேள்வியைப் பொறுத்தது பதில். 05 002-இன் வழக்கை எடுத்துச் சொல்ல இன்று அந்த எஞ்சின் இல்லை. 1960-இல் அதை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். அதன் உடன்பிறப்பு 05 001 மட்டும் நூரம்பர்க் அருங்காட்சியகத்தில் சிவப்பு உடையோடு நிற்கிறது.

மல்லார்ட் புதிய பேரிங்கோடு சில நாட்களில் வேலைக்குத் திரும்பியது. போரின்போது நீல நிறம் போய்க் கறுப்பு வந்தது. சக்கரங்களை மறைத்த பக்கவாட்டுப் பாவாடைத் தகடுகளைப் பழுது பார்க்க இடைஞ்சல் என்று கழற்றினார்கள். ரயில்வேக்கள் அரசுடைமையான பிறகு எண் 60022 ஆனது, நிறம் பச்சையானது. 1963 ஏப்ரல் 25 அன்று ஓய்வு. ஓடிய தூரம் 15 லட்சம் மைலை நெருங்கியிருந்தது. அந்த 15 லட்சத்தில் புகழ் கொடுத்தது ஒரு மைல்கூட இல்லை.

மொத்தம் 35 ஏ4 எஞ்சின்கள் கட்டப்பட்டன. ஆறு மட்டும் தப்பின. 'எம்பயர் ஆஃப் இந்தியா' அந்த ஆறில் இல்லை. மல்லார்டைப் பழைய நீல உடையும் பாவாடைத் தகடுகளும் அணிவித்து முதலில் லண்டன் கிளாப்பம் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1975-இல் யார்க் நகரில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் திறந்தபோது அங்கே போனது. சாதனையின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, 1986 முதல் 1988 வரை சில சிறப்பு ரயில்களை மறுபடி நீராவியில் இழுத்தது. அதன் பிறகு தீ மூட்டப்படவில்லை. சாதனையைப் பதிவுசெய்த டைனமோமீட்டர் வண்டியும் நாட்டின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காகிதச் சுருளும் இருக்கிறது.

யார்க் அருங்காட்சியகத்தின் பெரிய கூடம் முன்பு யார்க் வடக்கு லோகோ ஷெட்டாக இருந்த இடம். டோன்காஸ்டரில் மல்லார்டுக்கு அடுத்ததாகக் கட்டப்பட்ட எஞ்சின் 4469. அதற்கும் முதலில் வாத்தின் பெயர்தான், 'காட்வால்'. பிறகு ரயில்வேயின் தலைமைப் பொது மேலாளர் பெயரால் 'சர் ரால்ஃப் வெட்ஜ்வுட்' என்று மாற்றினார்கள். 1942 ஏப்ரல் 29 அன்று ஜெர்மன் விமானங்கள் யார்க்கின் மீது குண்டு வீசியபோது அந்த ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. பழுது பார்க்க முடியாதபடி சிதைந்தது. ஏ4 குடும்பத்தில் போருக்குப் பலியானது அது ஒன்றே. தம்பி மாண்ட இடத்தில் அண்ணன் காட்சிக்கு நிற்கிறான். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து தகட்டில் உள்ள 126-ஐப் படித்துவிட்டுப் போகிறார்கள்.

2013 ஜூலையில், 75-ஆவது ஆண்டில், தப்பிய ஆறும் யார்க்கில் ஒன்றுகூடின. 'டுவைட் டி. ஐசனோவர்' அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்தும், 'டொமினியன் ஆஃப் கனடா' கனடாவிலிருந்தும் கப்பலேறி வந்தன. அடுத்த ஆண்டு அவை திரும்பிப் போய்விட்டன.

ஸ்டோக் சரிவில் இன்றைக்கும் ரயில்கள் தெற்கே இறங்குகின்றன. அந்தப் பாதையின் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 125 மைல். லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டு, கிரெஸ்லி ஒத்துக்கொண்ட எண்ணில் தினமும் போய்வருகிறார்கள். 1989-இல் மின்சார எஞ்சின் ஒன்று இதே சரிவில் 162 மைல் ஓடியிருக்கிறது. மல்லார்ட் உச்சம் தொட்ட இடத்தில் பாதையோரம் ஒரு பலகை உண்டு, படிப்பதற்குள் கடந்துவிடும்.

அந்த ரயில்கள் போய்ச் சேரும் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் கிரெஸ்லிக்கு ஆளுயரத்தை மிஞ்சிய வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அவர் இறந்து 75 ஆண்டு நிறைந்த 2016 ஏப்ரல் 5 அன்று திறந்தது. சிற்பி ஹேசல் ரீவ்ஸ் செய்த முதல் மாதிரியில் அவருடைய காலடியில் ஒரு வாத்து இருந்தது. பெரிய பொறியாளரைக் கேலிப்பொருளாக்கிவிடும் என்று பேரன்மார் ஆட்சேபித்தார்கள். வாத்து வேண்டும் என்று ரயில் ரசிகர்கள் மனு எழுதிக் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். கடைசியில் பேரன்மார் ஜெயித்தார்கள். கையில் ஒரு பத்திரிகையோடு தனியாக நிற்கிறார் கிரெஸ்லி, வாத்து இல்லாமல்.

(தொடரும்)